பத்திரம் யார் கையில்?

இங்கிலாந்தில் புதிதாக ஒரு கால்பந்து கிளப்பைத் தொடங்க அதிக நாள் பிடிக்காது. ஒரு பெயர், ஒரு நிர்வாகக் குழு, வட்டாரக் கால்பந்துச் சங்கத்தில் பதிவு, இடம் கொடுக்க முன்வரும் ஒரு லீக், இவ்வளவு இருந்தால் போதும். 2002ஆம் ஆண்டு மே 28ஆம் தேதி, லண்டனின் விம்பிள்டன் கிளப்பை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளியிருந்த மில்டன் கீன்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோகலாம் என்று கால்பந்துச் சங்கம் (எஃப்ஏ) அமைத்த மூவர் குழு தீர்ப்புச் சொன்னது; இருவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. ரசிகர்களே புதிதாக ஒரு கிளப்பைத் தொடங்கி அடியிலிருந்து எழுப்புவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்தத் தீர்ப்பு கருதியது. இரண்டே நாளில் ரசிகர்கள் கூடினார்கள். ஜூன் கடைசியில் விம்பிள்டன் காமன் என்ற பொதுத் திடலில் ஆட்டக்காரர் தேர்வு வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்ததில் 230 பேர் வந்து நின்றார்கள். ஜூலை 10ஆம் தேதி, சட்டன் கிளப்பின் மைதானத்தில், ஏஎஃப்சி விம்பிள்டன் தன் முதல் ஆட்டத்தை ஆடி 4-0 என்று தோற்றது. அந்தத் தோல்வியைப் பார்க்க 4,657 பேர் வந்திருந்தார்கள். தீர்ப்புக்கும் முதல் ஆட்டத்துக்கும் இடையே ஆறே வாரம். ஆனால் அந்தக் கிளப் தன் சொந்தப் பேட்டையான பிளவ் லேனுக்குத் திரும்பியது 2020 நவம்பர் 3ஆம் தேதிதான். அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

புதிய கிளப்புகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ரசிகர்களின் விசுவாசத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். அந்த விசுவாசம் உண்மையானது. ஆனால் அது எல்லா ஊரிலும் இருந்தது. ஓர் ஊரில் மூன்று ஆண்டில் கைகூடியது இன்னோர் ஊரில் இருபது ஆண்டு இழுத்ததற்கு விசுவாசம் விளக்கமாகாது. வித்தியாசம் நிலத்தில் இருக்கிறது. பழைய கிளப் செத்த அன்று அதன் மைதானம் யார் பேரில் இருந்தது, அந்தப் பேருக்கு உரியவர் அதை விற்கக்கூடியவரா இல்லையா, புதியவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டாரா இல்லையா என்பதே புதிய கிளப்பின் தலைவிதியை மற்ற எதையும்விட அதிகமாகத் தீர்மானித்திருக்கிறது. இதுவே இந்தக் கட்டுரையின் வாதம். இதற்குச் சாதகமான சான்றுகளைப் போலவே பாதகமானவையும் உண்டு. அவற்றையும் பார்க்கவே வேண்டும்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துக் கால்பந்தின் மேல் நான்கு அடுக்குகளில் 92 கிளப்புகள் இருக்கின்றன. பிரீமியர் லீக்கும் அதன் கீழுள்ள மூன்று பிரிவுகளுமே அந்த அடுக்குகள். ஐந்தாம் அடுக்கிலிருந்து கீழே இருப்பதெல்லாம் 'நான்-லீக்' என்று வழங்கப்படும் உலகம். அங்கே சம்பளத்துக்கு முழுநேரம் ஆடுகிறவர்களும் உண்டு. பகலில் கட்டட வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்களும் உண்டு. புதிய கிளப் ஒன்றைப் பெரும்பாலும் ஒன்பதாம் அல்லது பத்தாம் அடுக்கில் சேர்ப்பார்கள். அங்கிருந்து ஒவ்வோர் அடுக்காக வென்று மேலே ஏறலாம். 1987 வரை ஐந்தாம் அடுக்கிலிருந்து நான்காவதற்குப் போக, உள்ளே இருக்கும் கிளப்புகளின் வாக்கு வேண்டும். அந்த ஆண்டு முதல் ஐந்தாம் அடுக்கில் முதலிடம் பெற்றால் தானாக மேலே போகலாம் என்றானது. இந்த மாற்றம் இல்லாவிட்டால், புதிய கிளப் என்பது நினைவுச் சின்னமாக இருந்திருக்குமே தவிர, எதிர்காலம் உள்ள முயற்சியாக இருந்திருக்காது. ஆனால் ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஆட்டத்தோடு மைதானத்தையும் அளக்கிறார்கள். விளக்குக் கம்பம் இருக்கிறதா, ஆடுகளத்தைச் சுற்றித் தடுப்பு இருக்கிறதா, கூரையின் கீழ் எத்தனை இருக்கை என்று ஆய்வாளர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள். 2016-17 சீசனில் டார்லிங்டன் கிளப் ஆறாம் அடுக்கில் ஐந்தாவதாக வந்து, மேலே போவதற்கான பிளே-ஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற்றது. அவர்கள் ஆடிய ரக்பி கிளப் மைதானத்தில் போதிய இருக்கைகள் இல்லை என்பதால் அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. களத்தில் வாங்கிய புள்ளிகளை நாற்காலிக் கணக்கு தள்ளுபடி செய்துவிட்டது.

கிளப்புகள் ஏன் சாகின்றன என்பதையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். கிளப் என்பது சட்டத்தின் பார்வையில் ஒரு வரையறுக்கப்பட்ட கம்பெனி. அதன் வரவு சொற்பம், செலவு பெரிது. ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் இரண்டு மூன்று ஆண்டில் முடிந்துவிடும். அந்தக் கம்பெனியிடம் உண்மையாகவே விலைபோகக்கூடிய பொருள் ஒன்றுதான்: ஊருக்கு நடுவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைந்த மைதானம், அதன் அடியிலுள்ள மண். நகரம் வளர வளர அந்த மண்ணின் விலை, அதன் மேல் நடக்கும் ஆட்டத்தின் விலையைவிடப் பல மடங்காகிவிட்டது. இந்த ஆபத்தைப் பழைய ஆட்கள் அறிந்தே இருந்தார்கள். கிளப்புகள் கம்பெனிகளாக மாறத் தொடங்கிய காலத்திலேயே கால்பந்துச் சங்கம் ஒரு விதி வைத்தது. பங்குதாரர் எடுக்கும் லாபத்துக்கு உச்சவரம்பு. இயக்குநர்களுக்குச் சம்பளம் இல்லை. கிளப் கலைந்தால் கடன் போக மீதிச் சொத்து உரிமையாளர்களுக்குப் போகாமல் விளையாட்டுக்கோ அறப்பணிக்கோ போக வேண்டும். 1983இல் டாட்டன்ஹாம் கிளப் தனக்கு மேலே ஒரு தாய்க் கம்பெனியை நிறுவிப் பங்குச் சந்தைக்குப் போனது; விதி அந்தத் தாய்க் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்றானது. சங்கம் அதைத் தடுக்கவில்லை. அதன்பின் அந்த வேலி பேருக்குத்தான் இருந்தது. விம்பிள்டனின் கதை அந்தத் தளர்ச்சியின் பிள்ளை. பிளவ் லேன் நிலம் விளையாட்டுக்கு மட்டுமே என்ற கட்டுப்பாடு உள்ளாட்சி மன்றத்தின் பத்திரத்தில் இருந்தது. அது நீக்கப்பட்டது. 1991இல் கிளப் வேறொருவர் மைதானத்துக்கு வாடகைக்குப் போனது. 1998இல் பிளவ் லேன் ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. வீடில்லாத கிளப்பை வேறு நகரத்துக்குக் கொண்டுபோவது சுலபம். 1988இல் லிவர்பூலை வென்று எஃப்ஏ கோப்பையைத் தூக்கிய கிளப் பதினான்கே ஆண்டில் ஊரைவிட்டுப் போக நேர்ந்ததன் வேர் அந்த நில விற்பனையில் இருக்கிறது.

இனி ஒப்பீடு. 1992 மார்ச்சில் ஆல்டர்ஷாட் கிளப் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டது. அதன் மைதானம் உள்ளாட்சி மன்றத்துக்குச் சொந்தம். அந்தக் கோடையிலேயே ஆல்டர்ஷாட் டவுன் என்ற புதிய கிளப் அதே மைதானத்தில் ஆடத் தொடங்கி, முதல் சீசனிலேயே தன் பிரிவில் முதலிடம் பெற்றது. 2008இல் அது மேல் நான்கு அடுக்குக்குள் நுழைந்தது. 2010 மார்ச்சில் செஸ்டர் சிட்டி கலைக்கப்பட்டது. இங்கிலாந்து-வேல்ஸ் எல்லைக்கோடு ஊடே போகும் அதன் ஸ்டேடியமும் மன்றத்துக்குச் சொந்தம். குத்தகை ரசிகர் சங்கத்துக்குக் கிடைத்தது. புதிய கிளப் 2011, 2012, 2013 என்று அடுத்தடுத்து மூன்று முறை வென்று ஐந்தாம் அடுக்கை எட்டியது. ஹியர்ஃபோர்டு யுனைடெட் 2014 டிசம்பர் 19 அன்று கலைக்கப்பட்டது. எட்கர் ஸ்ட்ரீட் மைதானம் அங்கேயும் மன்றத்துடையது. 2015இல் ஹியர்ஃபோர்டு எஃப்சி ஒன்பதாம் அடுக்கில் தொடங்கியது. மறு ஆண்டே வெம்பிளியில், கீழ் அடுக்குக் கிளப்புகளுக்கான எஃப்ஏ வாஸ் கோப்பையின் இறுதியாட்டம் ஆடியது. அதைப் பார்க்க ஹியர்ஃபோர்டிலிருந்து மட்டும் ஏறக்குறைய 20,000 பேர் போனார்கள். ஆட்டத்தில் தோற்றாலும், மூன்று தொடர் வெற்றிகளில் 2018இல் ஆறாம் அடுக்குக்கு வந்தது. மூன்று ஊர், மூன்று வெவ்வேறு காலம்; பொதுவாக இருந்தது ஒன்றுதான். கலைப்பாளர் வந்து சொத்துப் பட்டியல் எழுதியபோது மைதானம் அந்தப் பட்டியலில் இல்லை.

எதிர்ப்பக்கத்தில் மெய்ட்ஸ்டோன். அந்தக் கிளப் 1988இல் தன் மைதானத்தை ஒரு மரச்சாமான் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, பக்கத்து ஊரான டார்ட்ஃபோர்டில் தங்கி ஆடியது. விற்ற அடுத்த ஆண்டே, 1989இல், ஐந்தாம் அடுக்கை வென்று மேலே போனது என்பதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. ஊர் தன் கிளப்பின் பொற்காலத்தைத் தன் ஊரில் பார்க்கவில்லை. 1992 ஆகஸ்டில் கிளப் திவாலானது. அதன் மறுபிறப்பு கென்ட் மாவட்ட லீக்கின் நான்காம் பிரிவில், பூங்கா ஆட்டக்காரர்களின் நடுவே, தொடங்கியது. சொந்த ஊரில் சொந்த ஸ்டேடியம் எழுந்தது 2012இல். இரண்டு தலைமுறை ஆட்டக்காரர்கள் வந்து போய்விட்டார்கள். ஆனால் அந்த ஸ்டேடியம் வந்தபின் நடந்ததைக் கவனிக்க வேண்டும். அதில் செயற்கைப் புல் போட்டார்கள். இயற்கைப் புல் வாரத்துக்கு இரண்டொரு ஆட்டத்தைத் தாங்கும். செயற்கைப் புல்லில் காலையிலிருந்து இரவுவரை யாராவது ஆடிக்கொண்டே இருக்கலாம். பள்ளிப் பிள்ளைகள், பெண்கள் அணி, வேலை முடிந்து வரும் அலுவலகக் குழுக்கள் என்று மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாம். மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை மட்டும் காசு கொடுத்த நிலம் வாரம் முழுக்கக் கொடுக்கத் தொடங்கியது. 2024 ஜனவரியில், ஆறாம் அடுக்கிலிருந்த மெய்ட்ஸ்டோன், இரண்டாம் அடுக்கிலிருந்த இப்ஸ்விச்சை அதன் மைதானத்திலேயே 2-1 என்று எஃப்ஏ கோப்பையில் வென்றது. ஒரு கோப்பை வெற்றியை நிலத்தோடு முடிச்சுப்போடுவது மிகை என்று தோன்றலாம். ஆனால் நிலம் இல்லாத இருபது ஆண்டில் அந்தக் கிளப் அந்த உயரத்தை நெருங்கக்கூட முடியவில்லை.

எல்லாவற்றிலும் தெளிவான சான்று மான்செஸ்டருக்கு வடக்கே உள்ள பரி நகரத்தில் கிடைக்கிறது. பரி கிளப் 1885இல் தொடங்கியது. அன்று முதல் ஜிக் லேன்தான் அதன் மைதானம். 1900இலும் 1903இலும் எஃப்ஏ கோப்பையை வென்றது. 1903 இறுதியாட்டத்தில் டார்பியை 6-0 என்று வீழ்த்திய வித்தியாசத்தை 2019 வரை யாரும் எட்டவில்லை. ஜிக் லேன் நிலம் டார்பி பிரபுவின் எஸ்டேட்டைச் சேர்ந்தது. 1922இல் பிரபு அதைக் கிளப்புக்குக் கொடையாகவே கொடுத்தார். விலை கொடுக்காமல் வந்த அந்த நிலம் அடுத்த நூற்றாண்டில் அடமானத்துக்கு மேல் அடமானமாக வைக்கப்பட்டது. வாகனம் நிறுத்தும் இடங்களைக்கூடத் தனித்தனியாகப் பிரித்து முதலீடு என்று விற்றிருந்தார்கள். 2018 டிசம்பரில் கிளப் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. 2019 வசந்தத்தில் அணி நான்காம் அடுக்கில் இரண்டாமிடம் பெற்று மேலே ஏறியது. ஆகஸ்ட் 27ஆம் தேதி, செலவைத் தாங்கும் பணம் இருக்கிறது என்று காட்ட முடியாததால், லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. ஆட்டக்காரர்கள் வென்று கொடுத்த இடத்தில் கிளப் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் ரசிகர்கள் பரி ஏஎஃப்சியைத் தொடங்கினார்கள். பத்தாம் அடுக்கில், வடமேற்கு மாவட்டங்கள் லீக்கில், இடம் கிடைத்தது. மைதானம் கிடைக்கவில்லை; பக்கத்து ராட்கிளிஃப் கிளப்பின் ஸ்டெய்ன்டன் பார்க்கில் வாடகைக்கு இருந்தார்கள். 2022இல் தம் பிரிவை வென்று ஒன்பதாம் அடுக்குக்கு வந்தார்கள். அதற்கிடையே இன்னொரு ரசிகர் குழு, அரசின் சமூக உடைமை நிதியிலிருந்து கிடைத்த 10 லட்சம் பவுண்டையும் ஒரு கொடையாளரின் பணத்தையும் சேர்த்து, 2022 பிப்ரவரியில் ஜிக் லேனை மீட்டது. இப்போது ஒரே ஊரில் ஒரு தரப்பிடம் அணி இருந்தது, மைதானம் இல்லை. மறுதரப்பிடம் மைதானம் இருந்தது, அணி இல்லை. இரண்டும் ரசிகர்கள்தான், இரண்டும் பரிதான். இணைப்புக்கான முதல் வாக்கெடுப்பு 2022இல் தேவையான பெரும்பான்மை கிடைக்காமல் தோற்றது. மூன்று ஆண்டு மழையிலும் கொரோனா முடக்கத்திலும் ஓர் அணியை நடத்தியவர்கள், அதைப் பிறரிடம் ஒப்படைக்கத் தயங்கியதைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் 2023இல் இரண்டாம் வாக்கெடுப்பு வென்றது. பரி எஃப்சி என்ற பழைய பெயரோடு அணி ஜிக் லேனுக்குப் போனது. அடுக்கு மாறவில்லை, முந்தைய சீசனில் ஆடிய அதே பிரிவுதான். ஆனால் ஜிக் லேனில் வந்த கூட்டம் ராட்கிளிஃபில் வந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஒன்பதாம் அடுக்கில் சராசரி மூவாயிரத்தை ஒட்டி இருப்பது அந்த நாட்டில் அபூர்வம். பெயர் திரும்பியதும், பிளவு முடிந்ததும் இதில் பங்கு வகித்திருக்கும். எல்லாப் பெருமையையும் மண்ணுக்குக் கொடுக்க முடியாது. ஆனால் பெயரைத் திரும்பப் பெறுவதும் இணைப்பைச் சாத்தியமாக்குவதும் மைதானம் மீட்கப்பட்டதால்தான் நடந்தன. 2025இல் பரி அந்தப் பிரிவை வென்று எட்டாம் அடுக்குக்கு ஏறியது.

நிலம் இல்லாத கிளப் தான் மட்டும் துன்பப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. மெய்ட்ஸ்டோன் தங்கியிருந்த டார்ட்ஃபோர்டு மைதானத்தில் மெய்ட்ஸ்டோனின் பணமும் கடனும் கலந்திருந்தன. மெய்ட்ஸ்டோன் விழுந்தபோது கடனை அடைக்க அந்த மைதானம் போனது. டார்ட்ஃபோர்டு 1992-93 சீசனில் நான்கு ஆட்டம் ஆடிவிட்டு லீக்கிலிருந்து விலகியது. விருந்தாளியின் கடனுக்கு வீட்டுக்காரர் தெருவுக்கு வந்தார். 2006இல் உள்ளாட்சி மன்றம் புதிய மைதானம் கட்டிக்கொடுக்கும்வரை அவர்களுக்குச் சொந்த இடமில்லை. ஏஎஃப்சி விம்பிள்டனின் வெற்றிக்குள்ளும் இப்படி ஒரு நிழல் இருக்கிறது. கிங்ஸ்டோனியன் என்ற பழைய கிளப் நிதி நெருக்கடியில் சிக்கியபோது அதன் கிங்ஸ்மெடோ மைதானம் வேறு கைக்குப் போயிருந்தது. அதன் குத்தகையை 2003இல் விம்பிள்டன் ரசிகர்கள் தங்களுக்குள் பங்கு விற்றுத் திரட்டிய பணத்தில் வாங்கினார்கள். கிங்ஸ்டோனியன் அங்கே வாடகைக்கு இருக்க அனுமதித்தார்கள். நல்ல முறையில்தான் நடத்தினார்கள். ஆனால் பிளவ் லேனில் புதிய ஸ்டேடியம் கட்டப் பணம் தேவைப்பட்டபோது கிங்ஸ்மெடோ செல்சிக்கு விற்கப்பட்டது. 2017இல் கிங்ஸ்டோனியன் வெளியேறி, அதன்பின் ஒவ்வொரு மைதானமாக மாறிக்கொண்டிருந்தது. நிலம் பறிபோனதால் பிறந்த கிளப், தன் நிலத்தைத் திரும்பப் பெறும் வழியில் இன்னொரு கிளப்பின் வீட்டை விற்றது. இது யாருடைய துரோகமும் அல்ல. கிளப்புகளின் வீடுகள் சந்தையில் இருக்கும்வரை ஒருவரின் மீட்சி இன்னொருவரின் இழப்பாகிக்கொண்டே இருக்கும்.

என் வாதத்துக்கு முதல் மறுப்பு ஏஎஃப்சி விம்பிள்டனிடமிருந்தே வரும். பிளவ் லேன் இல்லாமலே அந்தக் கிளப் ஒன்பதாம் அடுக்கிலிருந்து ஏறி, 2011 மே 21 அன்று லூட்டனை பெனால்டியில் வென்று நான்காம் அடுக்கை எட்டியது. ஒன்பதே ஆண்டு, ஐந்து முறை மேலேற்றம். இடையே 2003இலிருந்து 2004 வரை 78 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. ஆகவே கிளப் என்பது மனிதர்கள்தான், மண் அல்ல என்பார்கள். இந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. மனிதர்கள் இல்லாத மண் வெறும் மனை. ஆனால் அந்த ரசிகர்கள் தங்கள் முதல் பணத்தை எதில் போட்டார்கள் என்று பாருங்கள். கிளப் தொடங்கி ஏறக்குறைய ஓராண்டில், விலை உயர்ந்த ஆட்டக்காரர்களை வாங்குவதை விட்டுவிட்டு, கிங்ஸ்மெடோ குத்தகையை வாங்கினார்கள். வாடகைக்காரர்களாக ஒரே ஒரு சீசன்தான் இருந்தார்கள். டிக்கெட், டீக்கடை, மதுக்கூடம், விழாக்களுக்கு அரங்கை வாடகைக்கு விடுவது என்று எல்லா வரவும் தங்கள் பெட்டியில் விழுந்தது. விம்பிள்டனின் வேகம் என் வாதத்துக்கு எதிரான சான்று அல்ல. நிலத்தின் அருமையை முதலில் உணர்ந்தவர்கள் அவர்கள்தான் என்பதற்கான சான்று.

இரண்டாவது மறுப்பு நிலத்தைவிட உடைமை முறை முக்கியம் என்பது. ரசிகர்கள் ஆளுக்கொரு வாக்கு என்ற முறையில் கிளப்பைச் சொந்தமாக வைத்திருந்தால் யாரும் மைதானத்தை விற்கப்போவதில்லை. எனவே பத்திரத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்கிறார்கள். ரசிகர் உடைமையை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் அது கடனிலிருந்து காப்பாற்றாது. மான்செஸ்டர் யுனைடெட்டை கிளேசர் குடும்பம் வாங்கியதை எதிர்த்து 2005இல் பிறந்த எஃப்சி யுனைடெட், ஆளுக்கொரு வாக்கு என்ற கொள்கையில் உறுதியாக நின்ற கிளப். பல ஆண்டுகள் பரியின் ஜிக் லேனிலேயே வாடகைக்கு ஆடியது. பின் சமூகப் பங்கு விற்று ஏறக்குறைய 20 லட்சம் பவுண்டு திரட்டி, மானியமும் கடனும் சேர்த்து, 60 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவில் பிராட்ஹர்ஸ்ட் பார்க்கைக் கட்டி 2015 மே மாதம் பென்ஃபிகாவோடு ஆடித் திறந்தது. பெரிய சாதனை. ஆனால் கட்டுமானக் கடனும் நிர்வாகப் பூசலும் அடுத்த ஆண்டே கிளப்பை உலுக்கின. 2019இல் ஆறாம் அடுக்கிலிருந்து இறங்கியது. டார்லிங்டனின் பழைய கிளப் செத்ததும் தன் ஸ்டேடியத்தால்தான்: சில ஆயிரம் பேர் பார்க்கும் அணிக்கு 2003இல் 25,000 இருக்கை அரங்கைக் கட்டினார்கள். ஆகவே மைதானம் இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. கிளப்பின் அளவுக்கு மீறிய மைதானம் கிளப்பையே தின்றுவிடும். ரசிகர் உடைமையும் நிலப் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. இரண்டாவது இல்லாமல் முதலாவது ஒரு மோசமான சீசனைக்கூடத் தாங்காது.

மூன்றாவதுதான் வலுவான மறுப்பு. மைதானம் பொது அமைப்பின் கையில் இருந்தால் கிளப் பிழைக்கும் என்பது எல்லா இடத்திலும் மெய்ப்படவில்லை. இங்கிலாந்து லீக்கில் ஆடிய வேல்ஸ் நகரக் கிளப்பான நியூபோர்ட் 1989இல் கலைந்தபோது அதன் மைதானம் மன்றத்திடம்தான் இருந்தது. பழைய கிளப் வைத்த வாடகை பாக்கி காரணமாகப் புதியவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. அவர்கள் 80 மைல் தள்ளி, இங்கிலாந்தின் மோர்ட்டன்-இன்-மார்ஷில் போய் ஆடினார்கள். லீக்குக்குத் திரும்ப 2013 வரை ஆனது. கவென்ட்ரியின் அனுபவம் இன்னும் கசப்பானது. மன்றமும் ஓர் அறக்கட்டளையும் சேர்ந்து வைத்திருந்த ஸ்டேடியத்தில் கிளப் ஆண்டுக்கு ஏறக்குறைய 12 லட்சம் பவுண்டு வாடகை கொடுக்க வேண்டியிருந்தது. கிளப் கீழே இறங்க இறங்க வாடகை மட்டும் இறங்கவில்லை. தகராறு முற்றி 2013-14 சீசனை நார்த்தாம்ப்டனில் ஆடினார்கள்; பிறகு ஸ்டேடியம் ஒரு ரக்பி கிளப்புக்குப் போனது; 2019இலிருந்து இரண்டு சீசன் பர்மிங்காமில். இவற்றைத் தள்ளிவிட்டு வாதம் செய்ய முடியாது. நிலம் யார் பேரில் என்பதோடு எந்த நிபந்தனையில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதே இவை கற்பிப்பது. குத்தகை நீண்டதாக இருக்க வேண்டும். வாடகை அடுக்கோடு ஏறி இறங்க வேண்டும். பழைய கம்பெனியின் பாக்கியைப் புதிய கிளப்பின் தலையில் கட்டக்கூடாது. ஹியர்ஃபோர்டிலும் செஸ்டரிலும் மன்றம் உடைமைக்காரராக மட்டும் நிற்காமல் ஊர்க்காரராகவும் நடந்துகொண்டது.

நல்ல முதலாளி ஒருவர் போதுமே என்பவர்களுக்கு மேக்கிள்ஸ்ஃபீல்டு இருக்கிறது. 2020 செப்டம்பரில், 5 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட கடனுக்காக நீதிமன்றம் பழைய கிளப்பைக் கலைத்தது. ஒரு தொழிலதிபர் மோஸ் ரோஸ் மைதானத்தையும் மற்றச் சொத்துகளையும் வாங்கிப் புதிய கிளப்பைத் தொடங்கினார். முதல் நான்கு சீசனில் மூன்று முறை மேலே ஏறியது. சொந்த மைதானத்தில் தொடங்கியதால் வந்த வேகம் இது. நிலத்தைப் பற்றிய என் கணிப்பை இது உறுதிசெய்யவே செய்கிறது. ஆனால் பத்திரம் தனியார் கையில் இருக்கிறது. நல்ல மனிதர் நல்லபடியாக நடத்தலாம். பரியின் மைதானமும் நூறாண்டுக்கு நல்ல கைகளில்தான் இருந்தது. ஒரு கை தவறியது போதுமானதாக இருந்தது. நிறுவனத்தை நல்ல மனிதரை நம்பிக் கட்டக்கூடாது, மோசமானவர் வந்தாலும் தாங்கும்படி கட்ட வேண்டும்.

அப்படிக் கட்டிய முன்மாதிரி ஒன்று இருக்கிறது, வியப்பாக, மிகப் பணக்காரக் கிளப்பில். செல்சியின் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தின் நிலமும் 'செல்சி எஃப்சி' என்ற பெயரும் 1993இல் தொடங்கிய செல்சி பிட்ச் ஓனர்ஸ் என்ற ரசிகர் பங்குக் கம்பெனியிடம் இருக்கின்றன. 2011இல், ரோமன் அப்ரமோவிச் உரிமையாளராக இருந்த காலத்தில், கிளப் அந்த நிலத்தைத் திரும்ப வாங்கக் கேட்டது. 75 சதவீத வாக்கு தேவை, கிடைக்கவில்லை. உலகப் பணக்காரர்களில் ஒருவருக்கு அந்த ரசிகர்கள் இல்லை என்று சொல்ல முடிந்தது, பத்திரம் அவர்கள் கையில் இருந்ததால். ஒன்பதாம் அடுக்கில் நிலத்தின் விலை இதில் நூறில் ஒரு பங்கு இருக்காது. அங்கே இதைச் செய்வது எளிது. சொத்தைத் தனியார் லாபத்துக்குப் போகவிடாமல் பூட்டும் சமூகநலச் சங்க வடிவமும் சட்டத்தில் தயாராக இருக்கிறது.

2025 ஜூலையில் சட்டமான கால்பந்து ஆளுகைச் சட்டம் இந்தப் பாதையில் பெரிய அடி. பரியின் வீழ்ச்சி அதற்குத் தூண்டுதலாக இருந்தவற்றில் ஒன்று. அந்தச் சட்டம் அமைத்த சுதந்திரமான ஒழுங்காணையத்தின் அனுமதி இல்லாமல் ஒரு கிளப் தன் மைதானத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ இனி முடியாது. ஆனால் இந்தப் பாதுகாப்பு மேல் ஐந்து அடுக்குகளிலுள்ள 116 கிளப்புகளோடு நின்றுவிடுகிறது. புதிய கிளப்புகள் பிறப்பது ஒன்பதாம், பத்தாம் அடுக்கில். அங்கே இன்றும் கிடைப்பது 2011ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் தரும் ஆறு மாத அவகாசம் மட்டுமே. சமூக மதிப்புள்ள சொத்து என்று பதிவான மைதானத்தை உரிமையாளர் விற்கப்போனால், ஊரார் பணம் திரட்ட ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதன்பின் அவர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். ஆறு மாதத்தில் ஓர் ஊர் லட்சக்கணக்கில் திரட்டுவது அரிது.

கீழ் அடுக்குக் கிளப்புகளுக்கு ஒழுங்காணையத்தின் முழுக் கணக்குத் தணிக்கையும் உரிமச் சுமையும் தேவையில்லை. தன்னார்வலர்கள் நடத்தும் கிளப்புகளை அது நசுக்கிவிடும். மைதான விற்பனைக்கும் அடமானத்துக்கும் அனுமதி கேட்கும் அந்த ஒரு கடமையை மட்டும் ஆறாம் அடுக்கிலிருந்து பத்தாம் அடுக்குவரை நீட்டினால் போதும். எந்தெந்தப் போட்டிகள் சட்டத்தின் கீழ் வரும் என்பதை விதிகள் மூலம் குறிப்பிடும் அதிகாரத்தை அந்தச் சட்டமே அமைச்சருக்குக் கொடுத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தி இந்த வேலியைக் கீழே கொண்டுவர வேண்டும், இன்னொரு மைதானம் விற்பனைப் பலகை ஏறுவதற்கு முன்பே.